மூணு தபா கூப்ட்டாச்சு

ஒரு மனிதர் வரி ஆபீஸில் இருக்கிறாரா இல்லையா என்பதை அவருடைய உடம்பு முடிவு செய்யாது, வெள்ளைச்சாமியின் தொண்டைதான் முடிவு செய்யும். வெள்ளைச்சாமி அங்கே பியூன். மனு விசாரணை நாளன்று அதிகாரியின் அறை வாசலில் நின்று மனுதாரர் பெயரை மூன்று முறை கூவுவார். மூன்றாவது கூவலுக்குள் "ஆஜர்" என்று பதில் வந்துவிட்டால் ஆள் உண்டு. வராவிட்டால் இல்லை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாலும் இல்லைதான்.

எழுபத்திரண்டாம் வருஷம் ஜூன் மாதம் இந்த முறைப்படி இல்லாமல் போனவர் ஹவில்தார் வலியுல்லா. காலை ஒன்பதே முக்காலுக்கே வந்து, மடியில் காகிதக் கட்டை வைத்துக்கொண்டு, முதுகு பெஞ்சில் படாமல் உட்கார்ந்திருந்தார். பட்டாளத்துப் பழக்கம். ஒன்றரை மணிக்குப் பெஞ்சில் வேறு யாரும் மிச்சமில்லை என்று கண்டு எழுந்து போய்க் கேட்டார். அவர் மனு தள்ளுபடியாகி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

"மூணு தபா கூப்ட்டாச்சு," என்றார் வெள்ளைச்சாமி. வலியுல்லாவுக்கு அதுவும் கேட்கவில்லை.

மனுவே அதைப் பற்றித்தான். அறுபத்தைந்து யுத்தத்தில் பஞ்சாப் எல்லையில் பதினேழு நாள் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவர் அவர். பதினெட்டாம் நாள் பீரங்கி ஓய்ந்தது. ஓய்ந்தது பீரங்கி மட்டும் என்று நினைத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில், பக்கத்தில் நர்ஸ் கீழே போட்ட தட்டு சத்தமில்லாமல் விழுந்தபோதுதான் விஷயம் புரிந்தது.

பிறகு பங்களாதேஷ் யுத்தம் வந்து, ஜெயித்து, அந்த உற்சாகத்தில் நகரத்துப் பெரியவர்கள் ஒரு தீர்மானம் போட்டார்கள். போரில் கை, கால், கண், செவி இழந்த வீரர்கள் தாங்கள் குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு வரி கட்ட வேண்டியதில்லை. தீர்மானம் நிறைவேறியதும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். போண்டா வந்தது. யாராவது நிஜமாகவே இந்தச் சலுகையைக் கேட்டு வந்து நிற்பார்கள் என்று அன்று அங்கே ஒருவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

வலியுல்லா வந்து நின்றார். அவருக்கு மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஓடு போட்ட வீடு. ஒரு அறை, அதற்கு முன்னால் அறை என்று சொல்லத்தக்க ஒன்று. பட்டாளத்தை விட்டபோது கையில் வந்த பணமெல்லாம் அதற்குள் போயிருந்தது. வேலை தி. நகரில் ஒரு ஜவுளிக் கடைக் கிடங்கில், பார்சல் கட்டுவது. தினம் சைக்கிளில் போய் சைக்கிளில் வருவார். அந்தச் சம்பளத்தில் வீட்டு வரியும் கட்டிச் சாப்பிடவும் முடியாது. கட்டாவிட்டால் ஆபீஸிலிருந்து வந்து வீட்டுச் சாமானை ஜப்தி செய்வார்கள். அந்தத் தீர்மானத்தைத்தான் அவர் நம்பியிருந்தார்.

மறுபடி மனுப் போட்டு வாங்கிய இரண்டாவது விசாரணைக்கு மனைவி ஜமீலுன்னிசாவும் கூட வந்தாள். வெள்ளைச்சாமி இரண்டாவது தடவை கூவும்போதே "கீறாரு, கீறாரு" என்று எழுந்து புருஷனின் தோளைத் தொட்டாள். இருவரும் உள்ளே போனார்கள்.

வரி விதிப்பு அதிகாரி கருணாகரன் பேனாவை மூடி வைத்தார். அவருக்குத் தேசபக்தி உண்டு. யுத்த நிதிக்கு ஆபீஸ் முழுவதும் வசூல் செய்து, வசூலித்ததற்காகத் தனக்கு ஒரு பாராட்டுக் கூட்டமும் நடத்திக்கொண்டவர். காலண்டரிலிருந்து வெட்டிய டாங்கிப் படம் ஒன்று அவருடைய மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

"யாரும்மா ஆஜர் சொன்னது?"

"நான்தான் சார். அவரு சம்சாரம்."

"மனுதாரர் நீயா?"

"இல்ல சார். அவருக்குத்தான் காது கேக்காதே, அதான்..."

"காது கேக்குமா கேக்காதாங்கறதைத்தான் இங்க விசாரிக்கிறோம். முடிவை நீயே வீட்டிலேர்ந்து எடுத்துக்கிட்டு வந்துட்டா, அப்புறம் நான் எதுக்கு?"

அந்தக் கேள்வி ஜமீலுன்னிசாவுக்கும் இருந்தது. அதை அடக்கிக்கொண்டு காகிதத்தை நீட்டினாள். "மிலிட்டரி டாக்டர் எழுதிக் குடுத்துக்கிறாரு சார். ரெண்டு காதும் போச்சுன்னு. சீல் கீது பாருங்க."

"மிலிட்டரி சொல்லுது. சரி. வரியை மிலிட்டரிக்கா கட்டறீங்க?"

கருணாகரன் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து, வலியுல்லாவின் வலது காதைப் பார்த்தார். பிறகு இடது காதைப் பார்த்தார். வலியுல்லா மருத்துவச் சோதனை என்று நினைத்து நேராக நின்றார்.

"ரெண்டும் இருக்கே," என்றார் கருணாகரன். "தீர்மானத்துல 'இழந்த'ன்னு போட்டிருக்கு. கால் இழந்தவன் வந்தான்னா பார்த்ததும் தெரியும். இதுல என்ன தெரியுது?"

'ஆஜர் சொன்னவர் மனுதாரர் அல்லர்' என்று கோப்பில் எழுதி, மூன்றாவது விசாரணைக்கு ஜனவரியில் ஒரு தேதி போட்டார். அதுதான் கடைசி விசாரணை என்றும் சொன்னார்.

அதற்கு நடுவில் டிசம்பர் வந்தது. கொடி நாள். கருணாகரன் தலைமையில் தி. நகரில் ஒரு மண்டபத்தில் விழா. மேடைக்கு ஒரு வீரர் வேண்டும். கால் போனவரைத் தேடினார்கள். அவர் சைதாப்பேட்டையிலிருந்து வர டாக்ஸி கேட்டார். காது போனவர் சைக்கிளில் வந்துவிடுவார். வலியுல்லாவுக்கு ஆபீஸிலிருந்து அச்சடித்த அழைப்பிதழ் வீடு தேடி வந்தது.

"போலாம்," என்றாள் ஜமீலுன்னிசா. அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. பொன்னாடை போர்த்திய கையே மனுவைத் தள்ளாது என்று நினைத்தாள். படிக்காதவள்.

கருணாகரன் பொன்னாடை போர்த்தியதும், வலியுல்லாவை ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே உட்கார வைத்தார்கள். கருணாகரன் நாற்பத்தைந்து நிமிஷம் பேசினார். "தன் இரு செவிகளையும் பாரத மாதாவின் காலடியில் காணிக்கையாக வைத்த மாவீரர் இதோ அமர்ந்திருக்கிறார். நம் கரகோஷம்கூட அவர் செவிகளை எட்டாது. எனினும் தட்டுவோம்," என்றார். தட்டினார்கள். பெண்கள் பக்கம் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைக் இரண்டு தடவை வீல் என்று அலறியபோது மண்டபமே காதைப் பொத்திக்கொண்டது. வலியுல்லா மட்டும் முழங்காலில் கையை வைத்து அசையாமல் இருந்தார். அன்று அந்த மண்டபத்தில் சுகமாக இருந்தவர் அவர் ஒருவர்தான். விழா மலரில் அவர் படமும், கீழே அதே காணிக்கை வாசகமும், அதற்குக் கீழே கருணாகரனின் கையெழுத்தும் வந்திருந்தன.

ஜமீலுன்னிசா மலரை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுப் பத்திரமாக வைத்தாள்.

ஜனவரி விசாரணைக்கு வலியுல்லா ஒரு முடிவோடு போனார். மனைவி பதில் சொன்னால் செல்லாது, சரி. பெஞ்சில் முதல் ஆளாக, வெள்ளைச்சாமிக்கு நேர் எதிரே உட்கார்ந்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவர்கள் பேசிக்கொள்வதே அப்படித்தான். ஜமீலுன்னிசா சத்தம் போட மாட்டாள், உதட்டை மட்டும் அசைப்பாள், அவர் படித்துக்கொள்வார். வெற்றிலை போட்டுக் குதப்பும் வாயைப் படிப்பது கஷ்டம். பதினோரு பெயர்கள் தாண்டின. கடைசியில் தன் பெயர் அந்த உதட்டில் உருள்வதை முதல் கூவலிலேயே பிடித்துவிட்டார்.

"ஆஜர்," என்றார். தன் குரலைத் தானே கேட்க முடியாதவரின் குரல். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உள்ளே டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் கையை எடுத்துவிட்டாள்.

உள்ளே கருணாகரன் புன்னகையோடு காத்திருந்தார்.

"முதல் கூப்பாட்டுலயே வந்துட்டாரே."

"வாயைப் பாத்து வந்தாரு சார்," என்றாள் ஜமீலுன்னிசா.

"கூப்பிட்டோம், வந்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கூப்பிட்டா வர்றவருக்குக் காது கேக்கலைன்னு எழுதினா நாளைக்கு ஆடிட்காரன் என்னைத்தான் கேப்பான்."

அவள் பைக்குள்ளிருந்து மலரை எடுத்து மேஜையில் விரித்தாள். "இது நீங்க சொன்னதுதான சார்? ரெண்டு காதையும் காணிக்கை குடுத்தாருன்னு. கீழ கையெழுத்து யாருது?"

கருணாகரன் தன் கையெழுத்தைச் சற்று நேரம் வாஞ்சையோடு பார்த்தார். பிறகு மலரை மூடி அவள் பக்கம் தள்ளிவிட்டு, கோப்பில் 'தள்ளுபடி' என்று எழுதினார்.

"மேடை வேற, ஃபைல் வேறம்மா."

வெளியே வந்து லஸ் முனையில், பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்துக்கு நடுவில், என்ன சொன்னார் என்று வலியுல்லா கேட்டார். அவள் உதட்டை அசைத்துச் சொன்னாள். அவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லச் சொன்னார். காது போனபோதுகூட இல்லாத ஒன்று அவர் முகத்தில் வந்தது.

"கூப்பிட்டு வரலேன்னா ஆளே இல்ல. வந்தா காது கேக்குது. அப்ப நான் எப்படித்தான் வர்றது?"

கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. தான் கத்துகிறோம் என்று அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். வழக்கமாக உள்ளங்கையைத் தாழ்த்தி மெதுவாகப் பேசும்படி சைகை காட்டுவாள். அன்று காட்டவில்லை.

மார்ச் மாதம் வந்தால் வரி ஆபீஸுக்கு ஒரு வேகம் வரும். வருஷம் முடிவதற்குள் வசூல் முடிய வேண்டும். நோட்டீஸ் வந்தது, இரண்டாவது நோட்டீஸ் வந்தது, அதற்கப்புறம் தமுக்கு வந்தது.

தமுக்கு ஒரு பழைய ஏற்பாடு. வரி கட்டாதவர் வீட்டு வாசலில் அதை அடித்து, பெயரைச் சொல்லிக் கூவுவார்கள். வீட்டுக்காரர் அவமானப்பட்டு வெளியே வருவார். அதன் பிறகு ஜப்தி. எடுத்த சாமானுக்கு மகஜர் எழுதி, அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்தில்லாமல் ஒரு கரண்டிகூட நகரக் கூடாது. தெரு கேட்க அடிக்கும் தமுக்கை, கேட்க முடியாத ஒருவர் வாசலில் போய் அடிப்பதைப் பற்றி ஆபீஸில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. விதிப்புத்தகத்தில் அடி என்று இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வலியுல்லா வீட்டுக்கு முன்னால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, தெருவுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைச்சாமிதான் தமுக்கையும் தூக்கிக்கொண்டு வந்தார். ஆபீஸில் கூவுவதும் அவர், தெருவில் அடிப்பதும் அவர். பின்னால் கருணாகரன், கையில் கோப்பு. கொடி நாள் பாட்ஜ் சட்டையில் இன்னும் இருந்தது.

வலியுல்லாவின் முதுகுக்கு மூன்றடி பின்னால் நின்று வெள்ளைச்சாமி அடித்தார்.

ஜமீலுன்னிசா ஓடி வந்தாள். எதிர் மளிகைக் கடை அய்யாதுரை அண்ணாச்சி தராசை அப்படியே விட்டுவிட்டு வந்தார். பக்கத்து வீட்டு ஜெயலக்ஷ்மி டீச்சர், பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தலைமை தாங்கி ஓய்வு பெற்றவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். சந்தே திரண்டது. யாரோ ஒருவர் வலியுல்லாவின் தோளைத் தட்டப் போனார்.

"தொடாதீங்க," என்றாள் ஜமீலுன்னிசா. "அவரை யாரும் தொடக் கூடாது."

குரல் உயரவில்லை. ஆனால் அந்தக் கை அப்படியே நின்றது.

"இன்னும் அடிங்க சார்," என்றாள் கருணாகரனிடம். "அவரு வெளியதான் கீறாரு. கேட்டாத் திரும்புவாரு."

கருணாகரனுக்கு ஒரு பெண்பிள்ளை சொல்லி நிறுத்துவது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. "அடிய்யா," என்றார். வெள்ளைச்சாமி அடித்தார். "வலியுல்லா, வரி பாக்கி," என்று கூவினார். மறுபடி அடித்தார். மாடிகளில் குழந்தைகள் அழுதன. சந்து முனையில் கட்டியிருந்த மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. வலியுல்லா பெடலைக் கையால் ஒரு சுற்று சுற்றி, சங்கிலி ஓடுவதைப் பார்த்து, இன்னும் இரண்டு சொட்டு விட்டார்.

அவர் முதுகையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டையில் ஒரு கிழிசலைத் தைத்த இடம் தெரிந்தது. அந்த முதுகுக்குப் பின்னால் தன் மானம் ஏலம் போவது தெரியாமல், அந்த மனிதர் சைக்கிளை வேலைக்குப் போகத் தயார் செய்துகொண்டிருந்தார்.

"சார், போதும் சார்," என்றார் வெள்ளைச்சாமி. கை தளர்ந்துவிட்டது. "எனக்கே காது அடச்சிக்கிச்சு."

"சரி. சைக்கிளை எடுத்துக்கோ. மகஜர் எழுதிடலாம்." கருணாகரன் சுவரில் கோப்பை வைத்து எழுத ஆரம்பித்தார். முடித்து வாசித்தார். "தமுக்கு அடித்துத் தெரிவிக்கப்பட்டும், வீட்டுக்காரர் வேண்டுமென்றே அலட்சியமாக இருந்தபடியால், சைக்கிள் ஒன்று ஜப்தி செய்யப்பட்டது." அய்யாதுரை பக்கம் நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க."

அய்யாதுரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணும்னே இருந்தார்னு யாருவே சொன்னா? நான் கண்ணால பாத்துக்கிட்டுல்லா நிக்கேன். மனுசன் அசையவே இல்ல. பொய்க்குக் கையெழுத்துப் போட என் கடையில ஆளு கிடையாது."

"அரசாங்க வேலைக்கு இடைஞ்சல் பண்றீங்க."

"நாங்க ஒண்ணும் பண்ணலையே," என்றார் ஜெயலக்ஷ்மி டீச்சர். "கையெழுத்து வேணும்ங்கறேள். போடறோம். நடந்ததை நடந்தபடி எழுதுங்கோ, போடறோம். எத்தனை நாழி அடிச்சேள்?"

"அது எதுக்கு?"

"எத்தனை நாழி?"

முப்பது வருஷப் பள்ளிக்கூடம் அந்தக் கேள்வியில் இருந்தது. "பத்து நிமிஷம் இருக்கும்," என்றார் கருணாகரன்.

"கால் மணி," என்றார் வெள்ளைச்சாமி, மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டே.

"அப்ப எழுதிக்கோங்கோ. மூன்றடி தூரத்தில் நின்று, கால் மணி நேரம் தமுக்கு அடித்தும், பெயர் சொல்லிக் கூவியும், வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. சந்து முழுவதும் சாட்சி."

கருணாகரன் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடந்ததை எழுதினால் காது கேட்காது என்று அவர் கையாலேயே எழுதியதாகும். எழுதாவிட்டால் கையெழுத்து இல்லை, சைக்கிள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் படியும் இல்லை. வேறு யாராவது போடுவார்களா என்று சுற்றிப் பார்த்தார். ஒருவரும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"எழுதுங்க சார்," என்றாள் ஜமீலுன்னிசா. "இது மேடை இல்ல. ஃபைலுதான்."

எழுதினார். டீச்சர் இரண்டு இடத்தில் பிழை திருத்தினார். தன் வீட்டிலிருந்து கார்பன் தாள் கொண்டு வந்து வைத்திருந்ததால் பிரதி ஒன்று அவரிடமே தங்கியது. அய்யாதுரை கையெழுத்துப் போட்டார், டீச்சர் போட்டார், கேட்காமலே இன்னும் பதினான்கு பேர் போட்டார்கள். ஓரத்தில் வெள்ளைச்சாமியும் தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினார்.

அப்போதுதான் வலியுல்லா சைக்கிளை நிமிர்த்தித் திருப்பினார். சந்து முழுவதும் தன் பின்னால் நிற்பதைப் பார்த்தார். தமுக்கைப் பார்த்தார். கருணாகரனைப் பார்த்தார். எண்ணெய்க் கையைக் கந்தலில் மெதுவாகத் துடைத்தார்.

"முதுகுக்குப் பின்னாலயா வந்தீங்க?" என்றார்.

கருணாகரன் பதில் சொன்னார். என்ன சொன்னாரென்று வலியுல்லா படிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். யாரும் தடுக்கவில்லை.

டீச்சர் பிரதியை மேலிடத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். மே மாதம் உத்தரவு வந்தது. வரி தள்ளுபடி. கீழே ஒரு நிபந்தனை. 'செவித்திறன் திரும்ப வரவில்லை என்பதை மனுதாரர் ஆண்டுதோறும் நேரில் ஆஜராகி, அதிகாரி திருப்தியடையும் வகையில் நிரூபிக்க வேண்டும்.'

ஜமீலுன்னிசா அதை உதட்டில் சொன்னபோது வலியுல்லா சிரித்தார். பார்க்க நன்றாக இல்லாத சிரிப்பு.

அடுத்த வருஷம் ஏப்ரலில், குறித்த நாளில், பத்து மணிக்கு ஆபீஸுக்குப் போனார். பெஞ்சில் உட்காரவில்லை. நேரே கருணாகரனின் அறைக்குள் நுழைந்து, மூலையில் இருந்த ஸ்டூலை இழுத்து மேஜைக்கு முன்னால் போட்டார். பையிலிருந்து கொடி நாள் பொன்னாடையை எடுத்து, நாலாக மடித்து, ஸ்டூலில் விரித்தார். அதன் மேல் உட்கார்ந்தார், கருணாகரனுக்கு முதுகைக் காட்டி.

"என்னய்யா இது, மரியாதை இல்லாம?" என்றார் கருணாகரன்.

முதுகு அசையவில்லை.

வாசலில் நின்று வெள்ளைச்சாமி மூன்று முறை கூவினார். கருணாகரன் தானே ஒரு முறை கூப்பிட்டார். மேஜையைத் தட்டினார். பேப்பர் வெயிட்டைத் தரையில் போட்டார். டைப் அடிக்கும் பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். முதுகு அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"அவரைத் திரும்பச் சொல்லும்மா."

வாசலோரம் நின்றிருந்த ஜமீலுன்னிசா தூக்குப் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"திருப்தி ஆச்சுன்னா எழுதுங்க சார். ஆவலைன்னா இன்னும் கூப்டுங்க. நாங்க சோறு கட்டிக்கினுதான் வந்துகீறோம்."